முடி யாருக்கு?

“புறங்கையால வைம்மா. உள்ளங்கை படக்கூடாது” என்று பெரியம்மா சொன்னதும் தேவிப்ரியா எண்ணெயில் தோய்ந்த கையைத் திருப்பிக்கொண்டாள். பந்தலுக்கடியில் பெஞ்சில் கிடத்தியிருந்த அத்தையின் தலையில் அந்தப் புறங்கையை ஒற்றி எடுத்தாள். கிராப்பு வெட்டிய நரைமுடி. ஆபரேஷன் தொப்பிக்குள் அடங்க வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெட்டிக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகும் அத்தை அதை வளர்க்கவில்லை. எண்ணெய்க்கு மேல் அரப்புத் தூளையும் வைத்துவிட்டு தேவிப்ரியா ஒதுங்கி நின்றாள். எத்தனையோ பேர் தலையைத் தொட்டுப் பிழைக்கவைத்தவளின் தலையை உள்ளங்கையால் தொடக்கூடாதாம். அழுகையோடு கோபமும் வந்தது.

அத்தை, டாக்டர் தெய்வநாயகி, அன்று காலை காபியைக் குடித்துவிட்டு, மடியில் பேப்பரை விரித்தபடி நாற்காலியிலேயே போய்விட்டாள். வயது எழுபதுக்கு மேல். வலி இல்லை, படுக்கை இல்லை. “கல்யாண சாவு, குடுத்து வச்ச மவராசி” என்று வருகிறவர்களெல்லாம் சொன்னார்கள். அவர்களுக்கென்ன, வியாழக்கிழமை தலையைத் திறந்துகொள்ளப் போவது அவர்கள் இல்லையே.

தேவிப்ரியா பட்டுப்புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். சித்திரை முடிந்து ஒருநாள் முந்தானைக்கு மயில் வரைந்துகொண்டிருந்தபோது வலது கை தன்னால் ஆடியது. மயிலுக்குக் கழுத்து கோணிக்கொண்டது. அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள், மறுபடியும் கோணல். சில நாள் கழித்து அடுப்படியில் தோசைக்கரண்டியோடு விழுந்தாள். வலிப்பு. ஸ்கேன் எடுத்ததில் இடது பக்கம், மண்டையோட்டை ஒட்டி நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. அத்தை அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவள் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மேலாப்புலதான் குந்திகினு இருக்குது. எடுத்துடலாம். சுகன்யா எடுப்பா. நான் உள்ள வந்து உன் தலைமாட்டுல நிப்பேன். பயந்துக்காத” என்றாள்.

சுகன்யா அத்தையின் மாணவி. அத்தை ஓய்வு பெற்ற பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் மூளை ஆபரேஷன் செய்கிறவள் அவள்தான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “எம்பொண்ணு தலையெழுத்து” என்று அழுதபோது அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எத்தினி தலைய தொறந்து பாத்துட்டேன் அண்ணி, ஒண்ணுலயும் எழுத்தக் காணோம்” என்றாள். அப்பாவுக்கு அவள் மூத்தவள்; ஆனாலும் தம்பி மனைவியை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அம்மா இந்த வீட்டுக்கு வந்த புதிதில் கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது.

அந்தத் தைரியத்தில்தான் தேவிப்ரியா ஆபரேஷனுக்குச் சம்மதித்தாள். தலைமாட்டில் நிற்பேன் என்றவளின் தலைமாட்டில் இப்போது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆரணிச் சீமையில் தலை ஆபரேஷன் என்றால் முதலில் சாமிக்கு மொட்டை, அப்புறம்தான் ஆஸ்பத்திரி. ஏதோ முப்பாட்டன் காலத்து வழக்கம் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். முப்பாட்டன் காலத்தில் மூளை ஆபரேஷன் ஏது? அந்த வழக்கத்தை உண்டாக்கியவளே தெய்வநாயகிதான்.

அவள் வேலைக்கு வந்த காலத்தில் இந்தப் பக்கம் யாருக்காவது மண்டையில் அடிபட்டால் வேனில் ஏற்றி மெட்ராஸுக்கு அனுப்புவார்கள். முக்கால்வாசிப் பேர் அதே வேனில் போர்வை மூடித் திரும்புவார்கள். தெய்வநாயகி மெட்ராஸில் படித்துவிட்டு வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் பழைய துணிக்கட்டு போட்டிருந்த அறையைக் கழுவவைத்து, அங்கேயே மண்டையைத் திறக்க ஆரம்பித்தாள். ஸ்கேன் கிடையாது. கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, எந்தப் பக்கத்துக் கண்மணி விரிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் ரத்தம் கட்டியிருக்கிறது என்று முடிவு செய்வாள். கையால் சுற்றும் துளைக்கருவி. அதைப் பார்த்த வார்டு பாய் ஒருவன், தச்சு வேலைக்காரன் சாமானை யாரோ தவறி விட்டுப் போய்விட்டார்கள் என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டானாம்.

பிற்காலத்தில் பத்திரிகைக்காரர்கள் வந்து, தறியில் இழை பிடித்த விரல்கள் அல்லவா, அதனால்தான் மூளையைத் தொட முடிந்தது என்று எழுதிக்கொண்டு போவார்கள். அத்தைக்கு அதைக் கேட்டாலே பேஜார். “தறியில உக்காந்தா நான் இழைய அறுத்துத் தள்ளுவேன். எங்கப்பா காதைப் புடிச்சி எழுப்பி, நீ இஸ்கூலுக்கே போடி, பட்டாவது மிஞ்சும்னாரு” என்பாள். அதை மட்டும் யாரும் எழுதவில்லை.

முதலில் வந்த பெண் ரங்கம்மாள். களம்பூர் அரிசி மில்லில் லாரியிலிருந்து சரிந்த நெல் மூட்டை அவள் தலையில் விழுந்தது. ரத்தம் கட்டி, நினைவு தப்பிக்கொண்டிருந்தது. எல்லாம் தயார், ஆனால் புருஷன் மறித்துக்கொண்டான். மொட்டை அடிக்கக் கூடாது. “நான் குத்துக்கல்லாட்டம் உசுரோட நிக்கறேன், எம் பொண்டாட்டிக்கு மொட்டையா? செத்தாலும் முடியோட சாவட்டும்” என்று கதவில் கையை வைத்து நின்றான். தெய்வநாயகி சட்டம் பேசவில்லை. “முடி யாருக்கு?” என்று கேட்டாள்.

அவனுக்குப் புரியவில்லை.

“உங்க ஊட்டு முடி எந்தச் சாமிக்குப் போவும்?”

“படவேட்டம்மாவுக்கு.”

“அப்ப அம்மாவுக்குக் குடுப்போம். தலை துண்டாப் போயி மறுபடி சேத்து வச்ச கேஸ் அவ. அவளுக்குத் தெரியாத தலைவலியா?”

ஆஸ்பத்திரி நாவிதர் சுப்பனை அழைத்து, நடைபாதையிலேயே படவேடு இருக்கும் திசை பார்த்து அவளைச் சாய்த்துப் பிடித்து மொட்டை அடிக்கச் சொன்னாள். முடியை மஞ்சள் துணியில் முடிந்து புருஷன் கையில் கொடுத்தார்கள். அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வழிவிட்டான். ரங்கம்மாள் பிழைத்தாள்.

அதற்கப்புறம் அந்த வார்டில் பெயர், வயது கேட்பதற்கு முன்பே சுப்பன் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். முடி யாருக்கு? திருப்பதிக்கு என்பார்கள், வேளாங்கண்ணிக்கு என்பார்கள். ஒரு லாரி டிரைவர் தன் லாரிக்கு என்றான். சாமியே கும்பிடாத வாத்தியார் ஒருவர் யோசித்து யோசித்து, “எம் பசங்களுக்கு” என்றார். யாருக்காவது கொடுத்தால் சரி. கொடுத்த முடி வேறு, போன முடி வேறு. தெய்வநாயகி கண்டுபிடித்தது அவ்வளவுதான். சுப்பனைக் காட்டி, “என் போர்டுல மருத்துவர், அண்ணன் சாதி சர்டிபிகேட்டுலயும் மருத்துவர். தலைய மொதல்ல தொடறவரு அவருதான், நான் அடுத்த ஆளு” என்பாள்.

இப்போதெல்லாம் ஆபரேஷனுக்கு மொட்டையே தேவையில்லை. இரண்டு விரல் அகலத்துக்குச் சிரைத்தால் போதும். ஆனால் ஊர் விடுவதாக இல்லை. முடி கொடுக்காமல் கத்தி வைத்தால் ஆகாது என்று தலைமுறை ஒன்று வளர்ந்துவிட்டது. அம்மாவும் அப்படித்தான். நாளை ஞாயிற்றுக்கிழமை படவேட்டுக்குப் போய் முடி கொடுத்துவிட்டு, பிறகு ஆஸ்பத்திரி என்று ஏற்பாடு. “நான் போட்ட முடிச்சு, எனக்கே அவுக்க வரல” என்று அத்தை போன வாரம்தான் சிரித்தாள்.

அத்தையைக் குளிப்பாட்டி, அரக்குப் பட்டு சுற்றி, கூடத்தில் கிடத்தினார்கள். கூடத்து மூலையில் பெரியம்மா அம்மாவோடு குசுகுசுத்துக்கொண்டிருந்தாள்.

“தீட்டு வந்துடுச்சி. கோயில் வாசப்படி மிதிக்க முடியாது. முடி குடுக்காம ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவியா? பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், அப்பால பாத்துக்கலாம்.”

“அதான் அக்கா நானும் யோசிக்கறேன்” என்றாள் அம்மா.

தேவிப்ரியாவின் காதில் அது விழுந்தது. விழுந்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. வியாழக்கிழமை இல்லை. பதினாறு நாளுக்கு மேல் தள்ளிப்போகிறது. அப்புறம் ஆடி வரும், அதில் வேண்டாம் என்பார்கள். இன்னும் தள்ளிப்போகும். அத்தை செத்துக் கிடக்கும் கூடத்தில் நின்றுகொண்டு தனக்கு நிம்மதி வருவது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனால் வந்தது.

டாக்டர் சுகன்யா அப்போதுதான் காரிலிருந்து இறங்கினாள். மாலையை வைத்துவிட்டு, அத்தையின் கால்மாட்டில் உட்கார்ந்து, டாக்டர் என்பதையெல்லாம் மறந்து தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு தேவிப்ரியாவைத் தேடி வந்தாள்.

“தேதிய மட்டும் மாத்தாதீங்க தேவி. நேத்திக்குக்கூட மேடம் போன்ல, உங்க வலது கைப்பிடி கொறைஞ்சிகினு வருதுன்னு சொன்னாங்க. அவங்க சொன்னா சரியா இருக்கும். கட்டி அமுக்கிகினே இருந்தா, அப்பறமா எடுத்தாலும் கை பழையபடி வரும்னு என்னால சொல்ல முடியாது.”

“வியாழக்கிழமை வேணாம் டாக்டர்” என்று அம்மா குறுக்கே வந்தாள். “முடி குடுக்கல.”

“மொட்டையே வேணாம்மா. கொஞ்சூண்டு எடத்துலதான்...”

“உங்க மேடமே முடி குடுக்காம யாரையும் தொட்டதில்ல.”

மேடத்தைச் சாட்சிக்கு இழுத்தால் சுகன்யாவால் என்ன செய்ய முடியும். தேவிப்ரியாவின் கணவன் சதீஷ் தூண் ஓரம் நின்று மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்லவன்தான். ஆனால் பெரியவர்கள் பேசும் இடத்தில் வாயைத் திறக்க மாட்டான்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். பெண்கள் வரிசையாக வந்தார்கள். தேவிப்ரியா முறத்திலிருந்து அரிசியை வலது கையில் அள்ளினாள். அத்தையின் வாயருகே கொண்டுபோவதற்குள் விரல்கள் தளர்ந்தன. அரிசி இடுக்கு வழியாக நழுவி, அத்தையின் கழுத்திலும் பட்டுப்புடவையிலும் சிதறியது. மறுபடி அள்ளினாள். மறுபடியும் அதேதான். வாய்வரை போய்ச் சேரவில்லை.

“பாவம், துக்கத்துல கை நடுங்குது” என்றாள் யாரோ.

துக்கமில்லை. தேவிப்ரியாவுக்குத் தெரியும். அத்தை இப்போது எழுந்தால் என்ன செய்வாள் என்பதும் தெரியும். இரண்டு விரலை நீட்டி, “அமுக்குடி, பாப்போம். இன்னும் நல்லா. சோறு துன்னியா இல்லியா?” என்பாள். தேவிப்ரியா இடது கையால் அரிசியை எடுத்துப் போட்டாள். பெரியம்மா இடது கையைப் பார்த்து முகம் சுளித்தாள். அந்தச் சுளிப்பு தேவிப்ரியாவைத் தொடவில்லை. மயிலின் கோணல் கழுத்துதான் கண்ணுக்குள் நின்றது. இந்தக் கை போய்விட்டால் அப்புறம் நான் யார் என்று நினைத்தாள். காலையிலிருந்து வராத பயம், சரியான பயம், அப்போதுதான் வந்தது.

வெளியே பந்தல் ஓரத்தில் மணை போட்டிருந்தார்கள். அத்தைக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. கொள்ளி வைப்பது தம்பி மாணிக்கவேல், தேவிப்ரியாவின் அப்பா. கொள்ளி வைப்பவர் மொட்டை அடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு சுப்பனே வந்திருந்தார். சலூனை மகன் பார்த்துக்கொள்கிறான். சுப்பன் கத்தியைத் தொட்டு வெகுநாள் ஆகிறது. ஆனால் டாக்டரம்மா வீட்டுக்கு நான்தான் போவேன் என்று வந்துவிட்டார்.

மாணிக்கவேல் மணையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். சுப்பன் தண்ணீரைத் தொட்டு வைத்தார். வைத்துவிட்டுக் கத்தியோடு அப்படியே நின்றார். என்ன செய்வார் பாவம். முப்பது வயதிலேயே மாணிக்கவேலுக்கு முடி கொட்டிவிட்டது. இப்போது காதோரம்கூட ஒன்றுமில்லை. அக்கா அவரைக் கூப்பிடுவதே “வெண்ணெய்ப் பானை” என்றுதான்.

“இன்னாத்தங்க எடுக்கறது?” என்றார் சுப்பன், மெல்ல.

துக்கத்துக்கு வந்தவர்களில் யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். மாணிக்கவேல் குனிந்தபடியே அழ ஆரம்பித்தார். “எங்கக்காளுக்குக் குடுக்க எங்கிட்ட ஒரு மசுருகூட இல்லியே சுப்பா” என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். சிரித்தவர்களுக்கும் அப்போது கண் கலங்கிவிட்டது.

“சாஸ்திரத்துக்குக் கத்திய வச்சி எடு, போதும். ஜல்தி ஆவட்டும், நேரமாச்சி” என்றார் ஒரு பெரியவர்.

தேவிப்ரியா வாசற்படி இறங்கினாள். ஏன் இறங்குகிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பாவின் தோளைத் தொட்டு எழுப்பிவிட்டு அந்த மணையில் தான் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். இடுப்புக்குக் கீழே இறங்குகிற முடி.

“நான் குடுக்கறேன்.”

முதலில் பெரியம்மாவுக்குத்தான் குரல் வந்தது. “அடிப்பாவி! சுமங்கலி சாவு ஊட்ல மொட்டை அடிச்சிப்பாளா? புருசன் கல்லாட்டம் நிக்கறான்!”

“நான் நல்லாத்தான் இருக்கேன் பெரியம்மா” என்றான் சதீஷ். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கே தன் குரல் ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். “அவ அடிச்சிக்கட்டும். எனக்கு ஒண்ணும் ஆவாது.”

“தீட்டுல சாமிக்குத்தான பெரியம்மா குடுக்கக்கூடாது?” என்றாள் தேவிப்ரியா. “செத்தவங்களுக்குக் குடுக்கலாம். அப்பா குடுக்க வந்தாரே. நான் குடுத்துட்டு வியாழக்கிழம ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

பெரியம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மா மகளின் அவிழ்ந்த முடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு வயதான பெண் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். களம்பூர் ரங்கம்மாள். சேதி கேட்டதும் கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வந்து, யாரும் உட்காரச் சொல்லாததால் பந்தல் கால் அருகே நின்றிருந்தாள். வந்தவள் தன் கொண்டையை உருவிவிட்டாள். நரைத்த முடி தோள் நிறையச் சரிந்தது.

“இது மொட்ட அடிச்ச தலதாம்மா. எங்க ஊட்டுக்காரரும் இதையேதான் சொன்னாரு, கதவப் புடிச்சிகினு” என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். “அப்பறம் முப்பது வருசம் நல்லா இருந்தாரு.”

சுப்பன் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு தேவிப்ரியாவின் முன்னால் குந்தினார். ஆஸ்பத்திரி நடைபாதையில் எத்தனையோ பேரிடம் கேட்ட அந்தக் கேள்வியை, கேட்காமல் அவருக்குக் கத்தி வைக்க வராது.

“முடி யாருக்கும்மா?”

“அத்தைக்கு.”

சுப்பன் கூடத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தார். “டாக்டரம்மா, கேட்டுக்கோங்க” என்றார். பிறகு தண்ணீரைத் தொட்டு அவள் தலையில் வைத்தார்.

முடி மடியில் விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு கற்றைக்கும் தலை லேசாகிக்கொண்டு வந்தது. தேவிப்ரியா கண்ணை மூடிக்கொள்ளவில்லை. சுகன்யா படி ஓரத்தில் நின்று அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது பக்கம் மேலே அவள் கண் போய் நின்றது.

மஞ்சள் துணி கொண்டுவந்தது ரங்கம்மாள். எங்கிருந்து கிழித்தாளோ தெரியவில்லை. முடியைச் சுருட்டி முடிந்து அப்பாவிடம் கொடுத்தார்கள். மாணிக்கவேல் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அக்காவின் காலருகே வைத்தார். பிறகு மனசு கேட்காமல் எடுத்துக் கைப்பக்கம் வைத்தார்.

வண்டி கிளம்பிற்று. துக்கத்துக்காகத் தறிகளை நிறுத்திவைத்திருந்த தெருவில், வண்டி முனை திரும்பும்வரை ஒரு சத்தமும் இல்லை. ஆண்கள் பின்னால் போனார்கள். சுகன்யா கார் கதவைத் திறந்தவள் மறுபடி வந்து, “வியாழக்கிழம காலைல வெறும் வயித்துல வாங்க. தண்ணிகூட வேணாம்” என்றாள். “தலைமாட்டுல நிப்பேன்னு நான் தனியா சொல்ல வேணாம். நான் நிக்கற எடமே அதான்.”

தேவிப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு முதல் சிரிப்பு.

பின்கட்டுக் குழாயடியில் பெண்கள் தலைமுழுகினார்கள். தேவிப்ரியாவின் தலையில் தண்ணீர் விழுந்ததும் உடம்பு முழுக்க ஜில்லென்று ஓடியது. துவட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். கூடத்தைக் கழுவிவிடும் சத்தம் கேட்டது. அதற்கு நடுவில் அடுப்படியிலிருந்து இன்னொரு சத்தம், கல்லில் எதையோ இழைக்கிற சத்தம்.

அம்மா கிண்ணத்தோடு வந்தாள். பெரியம்மா எட்டிப்பார்த்தாள். “சாவு ஊட்ல சந்தனமா?”

அம்மா கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு மகளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். சந்தனத்தை அள்ளி, உள்ளங்கையை விரித்து, நெற்றியிலிருந்து பிடரிவரை பூசிக்கொண்டு வந்தாள். இடது பக்கம் மேலே வந்தபோது கை நின்றது. பிறகு அந்த இடத்திலும் பூசியது.